விதைநெல் பரிமாற்றத் தளத்துக்கு வயர்ஃப்ரேம்: எந்த இலவசக் கருவியில் தொடங்குவது?

வரப்புக்கரை எழுதியது:

வணக்கம். நான் வடிவமைப்பாளர் இல்லை. திருத்துறைப்பூண்டிக்குப் பக்கத்தில் நாற்பது விவசாயிகள் சேர்ந்து நடத்தும் பாரம்பரிய நெல் விதைக் குழுவுக்குக் கணக்கு எழுதுகிறேன். இப்போது எங்களிடம் 62 ரகங்கள் இருக்கின்றன. யார் எந்த விதையை எடுத்துப் போனார்கள், யார் திருப்பித் தந்தார்கள் என்பதெல்லாம் ஒன்பது ஆண்டுகளாக நீள நோட்டில்தான் இருக்கிறது. நெல் ஜெயராமன் ஐயா எங்கள் பகுதியில் பரப்பிவிட்டுப் போன முறைதான் எங்களுடையதும்: 2 கிலோ விதை வாங்கினால் அடுத்த ஆண்டு 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். பணம் கிடையாது.

இதை இணையதளமாக மாற்றலாம் என்று பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கும் என் அண்ணன் மகன் சொல்கிறான். "அத்தை, நிரலை நான் எழுதிவிடுவேன். ஆனால் எந்தத் திரையில் என்ன வர வேண்டும், எதை அழுத்தினால் எங்கே போக வேண்டும் என்று நீங்கள் வரைந்து கொடுங்கள். எனக்கு நெல்லைப் பற்றி ஒன்றும் தெரியாது" என்றான். அவன் கேட்பது நியாயம்தான்.

இணையத்தில் தேடினால் ஒவ்வொரு கட்டுரையும் பத்துப் பதினைந்து கருவிகளை அடுக்குகிறது. இலவசம் என்று போட்டிருந்த பலவும் உள்ளே போனால் 30 நாள் சோதனைக்கு மட்டும்தான். ஒன்றைத் தேர்ந்தெடுத்து நான்கு மாலைப் பொழுதுகள் உட்கார்ந்தேன். ஒரே ஒரு திரைதான் வரைய முடிந்தது. அதிலும் "கொட்டாரச் சம்பா" என்று அடித்தால் கொம்பும் காலும் தனித்தனியே புள்ளி வட்டத்தோடு நின்றன. அதைப் பார்த்ததும் மனம் விட்டுப்போய்விட்டது.

என் மடிக்கணினியில் 4 ஜிபி நினைவகம்தான். இணையம் கைப்பேசி ஹாட்ஸ்பாட்டில்; மாலையில் மிகவும் மெதுவாக இருக்கும். இன்னும் மூன்று வாரத்தில் குழுக் கூட்டம். அதற்குள் உறுப்பினர்களிடம் காட்டிச் சம்மதம் வாங்க வேண்டும். எல்லோரிடமும் ஆண்ட்ராய்டு போன் இருக்கிறது, ஆனால் சிலருக்குச் சின்ன எழுத்து தெரியாது. எந்தக் கருவியைக் கற்றுக்கொள்வது? கற்க வேண்டிய அவசியம் உண்மையிலேயே இருக்கிறதா?

கோடும்கட்டமும் எழுதியது:

அக்கா, கோயம்புத்தூரில் பதினொரு ஆண்டுகளாக இணையதள வடிவமைப்பு வேலை செய்கிறேன். உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். கருவியைப் பிறகு பார்ப்போம், முதலில் அந்த நீள நோட்டைத் திறந்து வையுங்கள். அதில் ஒன்பது ஆண்டுகளாக நீங்கள் கோடு போட்டுப் பிரித்திருக்கும் கட்டங்கள் இருக்கின்றனவே, தேதி, பெயர், ஊர், ரகம், எடுத்த அளவு, திரும்பிய அளவு, அவைதான் உங்கள் தளத்தின் எலும்பு. எங்களைப் போன்றவர்கள் வாரக்கணக்கில் பேட்டி எடுத்துக் கண்டுபிடிக்க வேண்டியதை நீங்கள் ஏற்கனவே எழுதி வைத்திருக்கிறீர்கள்.

வயர்ஃப்ரேம் என்ற சொல்லைக் கண்டு மலைக்க வேண்டாம். வீடு கட்டும் மனையில் சுண்ணாம்புத் தூளால் கோடு போட்டு இது கூடம், இது அடுப்படி என்று காட்டுவார்களே, அதுதான் அது. அந்தக் கோடுகளுக்குள் நடந்து பார்த்து, கூடத்திலிருந்து அடுப்படிக்குப் போகும் வழி இடிக்கிறதா என்று பார்ப்பதுதான் புரோட்டோடைப். வண்ணமும் ஓடும் பிறகு வரும்.

இன்றைக்கே செய்யக்கூடியது இது. ஏ4 தாளை இரண்டாக மடித்து, மறுபடியும் இரண்டாக மடித்துக் கிழியுங்கள். கிடைக்கும் துண்டு 105 மில்லிமீட்டர் அகலம் இருக்கும். போன் திரையைவிடக் கொஞ்சம் பெரியது, எழுதுவதற்கு வசதி. ஒரு துண்டு, ஒரு திரை. தடித்த பேனாவால் எழுதுங்கள். மெல்லிய பென்சிலைக் கொடுத்தால் எல்லோருமே நுணுக்கங்களுக்குள் போய்விடுகிறோம். ரகங்களின் பட்டியல் ஒரு துண்டு, ஒரு ரகத்தின் விவரம் ஒரு துண்டு, விதை கேட்கும் படிவம் ஒன்று, திருப்பித் தருவதைப் பதியும் இடம் ஒன்று. ஆறேழு துண்டுகளில் முடிந்துவிடும். ஒருவர் "இதை அழுத்துகிறேன்" என்று விரலை வைத்தால் நீங்கள் அடுத்த துண்டை எடுத்து அவர் முன் வைக்க வேண்டும். இதுவே முழுமையான புரோட்டோடைப்தான். இதை ஏழைக்கேற்ற மாற்று என்று நினைத்துவிடாதீர்கள். கணினியில் வரைந்ததைக் காட்டினால் மனிதர்கள் "நன்றாக இருக்கிறது" என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். தாளைக் காட்டினால்தான் பேனாவை வாங்கித் திருத்துவார்கள்.

அடுத்து, கணினியில் வரைய எக்ஸ்காலிட்ராவைச் சொல்வேன். 2020-இல் தொடங்கிய திறமூலத் திட்டம், அதாவது மூல நிரலை யாரும் எடுத்துப் பயன்படுத்தும்படி பொதுவில் வைத்திருக்கிறார்கள். கணக்குத் தொடங்கத் தேவையில்லை, முகவரியைத் திறந்த உடனே வரையலாம். குரோமில் அதைச் செயலியாக நிறுவிக்கொண்டால் இணையம் இல்லாத நேரத்திலும் வேலை செய்யும், ஆகவே உங்கள் ஹாட்ஸ்பாட் கவலை பாதி குறையும். கோடுகள் கையால் இழுத்தது போலவே வருவதால், தாளைப் பார்ப்பவருக்கு வரும் துணிச்சல் இதைப் பார்ப்பவருக்கும் வரும். அதன் கையெழுத்து எழுத்துருவில் தமிழ் கிடையாது. நீங்கள் தமிழில் அடித்தால் உங்கள் கணினியில் இருக்கும் தமிழ் எழுத்துருவில் தெரியும். அது குறையே இல்லை, எழுத்து ஒழுங்காகச் சேர்ந்து வருகிறது என்பதுதான் முக்கியம். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: வரைந்தது உலாவியின் நினைவில்தான் இருக்கும். உலாவியைத் துடைத்தால் அதுவும் போய்விடும். ஒவ்வொரு நாள் முடிவிலும் கோப்பாகச் சேமியுங்கள். படமாக ஏற்றுமதி செய்யும்போது வரைபடத்தையும் அதனுள்ளேயே பொதித்து வைக்கும் ஒரு தெரிவு உண்டு. அதைத் தேர்ந்தெடுத்தால் அந்தப் படத்தையே பிறகு திறந்து திருத்தலாம்.

அழுத்தினால் நகரும் புரோட்டோடைப் வேண்டுமென்றால் பென்பாட். மாட்ரிட்டில் உள்ள கலெய்டோஸ் என்ற நிறுவனம் தொடங்கிய திறமூலக் கருவி. உலாவியில் ஓடுகிறது. திரைக்கு அங்கே போர்டு என்று பெயர். ஒரு பட்டனிலிருந்து இன்னொரு போர்டுக்கு அம்பு இழுத்தால் இணைப்பு உருவாகிவிடும். பார்வைக்கான இணைப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பினால், பெறுபவர் கணக்கு இல்லாமலேயே போனில் தட்டிப் பார்க்கலாம். கூகிள் எழுத்துருக்கள் உள்ளேயே இருப்பதால் நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர் எல்லாம் கிடைக்கும். இதற்கு இணையம் வேண்டும். 4 ஜிபி கணினி என்றால் மற்ற டேப்களை மூடிவிட்டு, ஒரு கோப்பில் பத்துத் திரைகளுக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

எந்தக் கருவியானாலும் முதல் ஐந்து நிமிடத்தில் மூன்று சொற்களை அடித்துப் பாருங்கள்: கொட்டாரச் சம்பா, ஸ்ரீரங்கம், தூயமல்லி. முதலாவதில் கொம்பும் காலும் சேர்கின்றனவா, இரண்டாவதில் ஸ்ரீ ஒரே எழுத்தாக வருகிறதா, மூன்றாவதில் தூ உடையாமல் வருகிறதா என்று பார்த்தால் போதும். உங்களுடைய நான்கு மாலைகளை வீணாக்கிய கருவி இந்தச் சோதனையில் முதல் நிமிடமே தோற்றிருக்கும்.

இன்னொன்றையும் சொல்லியே ஆக வேண்டும். 2017-இல் ஒரு கூட்டுறவுச் சங்கத்துக்காக நான் வரைந்த வயர்ஃப்ரேம்களில் உண்மையான சொற்களுக்குப் பதிலாக, இடத்தை நிரப்ப மட்டும் ஆங்கில நிரப்பு உரையைப் போட்டிருந்தேன். எல்லோரும் ஒப்புதல் கொடுத்தார்கள். நிரல் எழுதி முடித்தபின் உண்மையான தமிழ்ச் சொற்களை ஏற்றினோம். மெனுவில் ஒரு வரியில் நின்ற சொற்கள் மூன்று வரியாயின, பட்டன்கள் பிதுங்கின, மேல் வரியின் உகரச் சுழிகள் கீழ் வரியின் இகரக் கொக்கிகளில் போய் இடித்தன. மூன்று வாரம் மறுபடியும் வேலை. தவறு முழுக்க என்னுடையது. அன்றிலிருந்து நிரப்பு உரை போட்டு ஒரு கட்டம்கூட வரைவதில்லை. உங்கள் ரகப் பெயர்களிலேயே மிக நீளமானதை எடுத்து முதல் வரியில் எழுதுங்கள். "சிவப்புக் குடவாழை" நிற்கிற இடத்தில் "பூங்கார்" நின்றுவிடும். "பூங்கார்" என்று எழுதி அளவெடுத்தால் குடவாழைக்கு இடம் இருக்காது.

மென்கலம் எழுதியது:

நண்பர் சொன்னவற்றில் பெரும்பாலானவற்றை ஏற்கிறேன். ஆனால் ஃபிக்மா என்ற வடிவமைப்புக் கருவியை ஒரு வரியில்கூடச் சொல்லாமல் விட்டது சரியில்லை. வேலை தேடப் போகும் அந்த மூன்றாம் ஆண்டு மாணவருக்கு அது தெரிந்திருப்பது உதவும். நான் பார்த்த நிறுவனங்களில் பெரும்பாலும் ஃபிக்மாவைத்தான் கேட்கிறார்கள். கற்றுக்கொடுக்கும் காணொளிகள் தமிழிலேயே நிறைய இருக்கின்றன. ஆயத்தக் கட்டங்களும் பட்டன்களும் இலவசமாகக் கிடைக்கின்றன. இலவசத் திட்டத்தில் குழுக் கோப்புகளின் எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு, பழைய பதிப்புகளின் வரலாறு 30 நாள்தான் இருக்கும். ஏழெட்டுத் திரை கொண்ட ஒரு தளத்துக்கு அந்த வரம்பு இடிக்காது.

கோடும்கட்டமும் எழுதியது:

மென்கலம், ஃபிக்மா நல்ல கருவி. அலுவலகத்தில் நானும் தினமும் அதில்தான் வேலை செய்கிறேன். அந்தத் தம்பி தாராளமாகக் கற்றுக்கொள்ளட்டும். அக்காவுக்கு நான் சொல்லாததற்குக் காரணம் வேறு. இலவசத் திட்டம் என்பது நிறுவனம் விரும்பும் வரைக்கும்தான். அடோபி எக்ஸ்டி என்ற வடிவமைப்புக் கருவிக்கு 2018-இல் இலவசத் திட்டம் அறிவித்தார்கள், நிறையப் பேர் கற்றார்கள்; 2023-இல் அதைத் தனி மென்பொருளாக விற்பதையே நிறுத்திவிட்டார்கள். வடிவமைப்பு உலகத்தில் கொடிகட்டிப் பறந்த இன்விஷன் என்ற கருவி 2024 இறுதியோடு மூடப்பட்டது. ஒன்பது ஆண்டு நோட்டைப் பத்திரமாக வைத்திருக்கும் குழுவுக்கு, பத்தாண்டு கழித்தும் திறக்கக்கூடிய கோப்புதான் வேண்டும். பென்பாட் நின்றுபோனாலும் அதன் மூல நிரல் பொதுவில் இருக்கிறது. வேறு யாராவது தம் சர்வரில் நிறுவி ஓட்டலாம். வரைந்ததை எஸ்விஜி என்ற பொதுவான படக் கோப்பாக எடுத்து, இங்க்ஸ்கேப் என்ற இலவச வரைகலை மென்பொருளில் திறக்கலாம். இன்னொரு நடைமுறை வித்தியாசம்: நிரல் எழுதுபவர் ஒரு கட்டத்தின் அளவு, இடைவெளி, சிஎஸ்எஸ் (பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் நிரல்) எல்லாவற்றையும் பார்த்து எடுத்துக்கொள்ளும் பகுதி பென்பாட்டில் இலவசமாகவே இருக்கிறது. ஃபிக்மாவில் அதற்கென்று உள்ள டெவ் மோட் 2024 தொடக்கத்திலிருந்து கட்டணத் திட்டங்களில்தான் கிடைக்கிறது.

கரும்பலகை எழுதியது:

புதுக்கோட்டை மாவட்டத்தில் அரசுப் பள்ளி ஆசிரியர். நான் கணினி வல்லுநன் அல்லன், ஆனாலும் இதே நிலையில் இருந்திருக்கிறேன். எங்கள் பள்ளி நூலகத்துக்கு ஒரு சிறிய தளம் திட்டமிட்டபோது லிப்ரெஆபிஸ் இம்ப்ரெஸ் என்ற இலவச ஸ்லைடு மென்பொருளைத்தான் பயன்படுத்தினேன். பாடம் நடத்த ஸ்லைடு செய்து பழகிய கை என்பதால் புதிதாகக் கற்க எதுவும் இல்லை. பக்க அளவைப் போன் போல நெட்டுக்குத்தாக மாற்றிக்கொண்டு, ஒரு கட்டத்தை வலது சொடுக்கி இன்டராக்ஷன் என்பதைத் தேர்ந்தெடுத்து, இந்தப் பக்கத்துக்குப் போ என்று சொல்லிவிடலாம். பிடிஎஃப் ஆக மாற்றினாலும் அந்த இணைப்புகள் நிற்கின்றன. இணையமே தேவையில்லை, 4 ஜிபி தாராளம். ஒரு எச்சரிக்கை: எல்லாப் போன்களிலும் உள்ள பிடிஎஃப் செயலிகள் உள் இணைப்பைத் தட்டினால் நகர்வதில்லை. கூட்டத்துக்கு முன்பு இரண்டு மூன்று போன்களில் சோதித்துவிடுங்கள். அம்மா, உங்கள் முயற்சி நல்லபடி நடக்க வேண்டும். எங்கள் ஊரிலும் தூயமல்லி கேட்டு அலைகிறவர்கள் இருக்கிறார்கள்.

வரப்புக்கரை எழுதியது:

பதினாறு நாட்கள் கழித்து எழுதுகிறேன். பதில் சொன்ன எல்லோருக்கும் முதலில் நன்றி. நடந்ததை விரிவாகவே சொல்கிறேன், என்னைப் போல இன்னொருவர் தேடி வந்தால் உதவும்.

தாளில்தான் தொடங்கினேன். ஏழு துண்டுகள் ஒரே மாலையில் முடிந்துவிட்டன. ஐந்து பேருக்குக் காட்டினேன். ஐந்து பயனர்களிடம் சோதித்தாலே பெரும்பாலான சிக்கல்கள் தெரிந்துவிடும் என்று இணையதளப் பயன்பாட்டு வல்லுநர் ஜேக்கப் நீல்சன் 2000-இல் எழுதியதாக மருமகன் சொன்னான். எனக்கு அது எளிதாகவும் இருந்தது, ஐந்து திண்ணைகள்தானே.

முதல் திண்ணையிலேயே என் முதல் திரை விழுந்துவிட்டது. ரகங்களை அகர வரிசையில் அடுக்கி, மேலே தேடும் கட்டம் வைத்திருந்தேன். எழுபது வயதுப் பெரியவர் ஒருவர் தாளைக் கையில் வாங்கிக்கொண்டு, "பேர் இருக்கட்டும் அம்மா, இது எத்தனை நாள் பயிர்? பள்ளக்கால் தாங்குமா?" என்று கேட்டார். இரண்டாவது ஆளும் அதையே கேட்டார். மூன்றாவது ஆள் கேட்கவே இல்லை, பேனாவை வாங்கிப் பூங்காருக்குப் பக்கத்தில் 90 என்றும் காட்டுயானத்துக்குப் பக்கத்தில் 180 என்றும் எழுதிவிட்டார். நோட்டில் அந்தக் கட்டம் எனக்குக் கிடையாது. ரகத்தின் வயது எல்லோருக்கும் மனப்பாடம் என்பதால் ஒன்பது ஆண்டுகளாக எழுதத் தோன்றவில்லை. ஆனால் தளத்துக்கு வரப் போகும் புது ஆளுக்கு அது தெரியாதே! இப்போது முதல் திரையில் தேடும் கட்டம் இல்லை. "குறுகிய வயது, நடுத்தர வயது, நீண்ட வயது" என்று மூன்று பெரிய கட்டங்கள். அதற்குக் கீழே "பள்ளம், மேடு, உவர்". அதைத் தட்டினால்தான் பெயர்கள்.

இரண்டாவது பாடம் பட்டனில். படிவத்தின் கீழே "சமர்ப்பிக்கவும்" என்று எழுதியிருந்தேன், அரசாங்கத் தளங்களில் அப்படித்தானே இருக்கிறது. ஐந்து பேரில் நான்கு பேர் அந்த இடத்தில் விரலை நிறுத்தி என் முகத்தைப் பார்த்தார்கள். ஒருவர் "யாருக்குச் சமர்ப்பிக்கிறோம்?" என்று கேட்டார். தாளைத் திருப்பிப் போட்டு "விதை வேண்டும்" என்று எழுதினேன். அதன்பின் ஒருவரும் நிற்கவில்லை. 4 கிலோ திருப்பித் தரும் நிபந்தனையைக் கடைசித் திரையில் வைத்திருந்தேன். அதைப் பட்டனுக்கு மேலேயே வைக்க வேண்டும் என்று ஒரு அம்மா சொன்னார். "விதை எடுத்த பிறகு சொன்னால் ஏமாற்றியது போல இருக்கும்" என்றார். அவர் சொன்ன இடத்துக்கே மாற்றிவிட்டேன்.

பிறகு எக்ஸ்காலிட்ராவில் வரைந்தேன். மூன்று சொல் சோதனையில் தேறியது. மின்சாரமும் இணையமும் இல்லாத ஒரு மாலையில்கூட பேட்டரியில் இரண்டு திரைகள் முடித்தேன். எழுத்தின் அளவை மட்டும் மூன்று முறை கூட்டினேன்.

பென்பாட்டில் நான்கு திரைகளை மட்டும் இணைத்தேன். இரவு பத்து மணிக்கு மேல் இணையம் வேகமாக இருந்ததால் அப்போது உட்கார்ந்தேன். அம்பு இழுப்பது எளிது. போர்டுகளின் அளவைச் சரியாக வைப்பதுதான் ஆரம்பத்தில் குழப்பியது; 360 பிக்சல் அகலம் வைத்தபின் ஒழுங்காகிவிட்டது. வாட்ஸ்அப்பில் அனுப்பிய இணைப்பு பன்னிரண்டு போன்களில் திறந்தது. ஆசிரியர் ஐயா சொன்ன பிடிஎஃப் வழியையும் முயன்றேன். ஒன்பது போன்களில் நகர்ந்தது, மூன்றில் நகரவில்லை. ஆனால் இணையம் இல்லாத வயலில் காட்ட அதுதான் கைகொடுத்தது.

இப்போது ஒரு சிக்கல். ரகங்களைப் பற்றிய குறிப்புகள் சிலவற்றை முன்பு ஒரு அச்சகத்தில் கொடுத்துத் தட்டச்சு செய்து வாங்கியிருந்தோம். அந்தக் கோப்பிலிருந்து நகலெடுத்து பென்பாட்டில் ஒட்டினால் தமிழ் வரவில்லை, ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாக வருகின்றன. கருவியின் கோளாறா?

கோடும்கட்டமும் எழுதியது:

அக்கா, "விதை வேண்டும்" என்று எழுதினீர்களே, அந்த ஒரு மாற்றத்துக்காகவே இந்த வேலை அத்தனையும் தகும். எங்கள் அலுவலகத்தில் நாளைக்கே இதைச் சொல்லப் போகிறேன்.

ஒட்டும்போது வரும் சிக்கல் கருவியுடையது அல்ல. அச்சகங்களில் வானவில், பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்வது இன்னும் வழக்கத்தில் இருக்கிறது. அவற்றில் தமிழ் எழுத்தின் உருவம் ஆங்கில எழுத்துக்கான இடத்தில் உட்கார்ந்திருக்கும். அந்த எழுத்துரு இல்லாத இடத்தில் ஆங்கிலமாகவே தெரியும். எங்கே ஒட்டினாலும் தமிழாகவே தெரியும் யூனிகோடு முறைக்கு மாற்றினால் சரியாகிவிடும். என்எச்எம் கன்வர்ட்டர் என்ற இலவச மென்பொருள் இதற்காகவே இருக்கிறது. கோப்பு எந்த எழுத்துருவில் இருக்கிறது என்று அச்சகத்தில் கேட்டுக்கொண்டு மாற்றுங்கள். மாற்றியபின் ஒரு முறை கண்ணால் படித்துவிடுங்கள், ஒற்றும் காலும் அங்கங்கே தவறி விழும். இதை இப்போதே செய்துவிடுவது நல்லது, நிரல் எழுதிய பிறகு என்றால் தம்பிக்கு இரட்டை வேலை.

அவரிடம் கொடுக்கும்போது இணைப்போடு சேர்த்து இரண்டு குறிப்புகள் எழுதிக் கொடுங்கள். வரி இடைவெளி எழுத்தின் அளவைப் போல் 1.6 மடங்காவது இருக்க வேண்டும். பட்டனுக்கு அகலத்தை நிலையாக வைக்காமல், சொல்லின் நீளத்துக்கு ஏற்ப விரியும்படி எழுத வேண்டும். தாள் துண்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள், அவற்றையும் கொடுங்கள். பெரியவர்கள் கையால் எழுதிய 90-உம் 180-உம் அவற்றில்தான் இருக்கின்றன.

வரப்புக்கரை எழுதியது:

அச்சகத்தில் கேட்டேன், வானவில்தான். மாற்றிப் பார்த்தேன், 62 ரகங்களில் 41-க்குக் குறிப்பு சரியாக வந்துவிட்டது. மீதியை நானே தட்டச்சு செய்துகொண்டிருக்கிறேன். துண்டுகளை நூலில் கோத்து வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை கூட்டம் முடிந்ததும் மருமகனிடம் கொடுப்பேன். கரும்பலகை ஐயா, தூயமல்லி எங்களிடம் இருக்கிறது. இந்தப் பருவ அறுவடை முடிந்ததும் இங்கேயே சொல்கிறேன். 2 கிலோ உங்கள் ஊருக்கு எடுத்து வைக்கிறேன்.